ஓரிகனின் சைலோசைபின் சேவை மையங்கள்: எதைப் பார்த்துச் சேர வேண்டும், எங்கே இடறும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 21 வயது நிரம்பிய யாரும், டாக்டர் சீட்டு இல்லாமல், உரிமம் பெற்ற மையத்துக்குப் போய் சைலோசைபின் காளானை, அதாவது மனநிலையை மாற்றும் 'மேஜிக் மஷ்ரூம்' காளானை, மாநிலச் சட்டப்படி உட்கொள்ளலாம். நோய் இருப்பதாகக் காட்ட வேண்டியதில்லை. வெளி மாநிலத்தவருக்கும் தடையில்லை. 2020 நவம்பரில் மெஷர் 109 என்ற வாக்கெடுப்பில் மக்கள் இதற்கு ஒப்புதல் தந்தார்கள். 2023 ஜனவரியில் உரிமத்துக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் நடுவில் யூஜீன் நகரில் முதல் மையம் திறந்தது. இந்தச் சேவையை மொத்தமாக எடைபோட்டால், காளான் நம்பகமானது, விதிகள் பெரும்பாலும் நல்லவை, உடல்நலச் சோதனை போதாது, விலை மிக அதிகம். தயாரிப்பு அமர்வு, அதாவது காளான் சாப்பிடும் முன் உங்களைத் தயார்படுத்தும் பேச்சு, எப்படி நடக்கிறது என்பதை வைத்தே ஒரு மையத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

அந்த அமர்வு, காளான் சாப்பிடுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் பழையதாகவும் இருக்கக் கூடாது. வீடியோ அழைப்பில் நடத்தினாலும் செல்லும். படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதோடு முடித்துக்கொள்ளும் மையம் என்றால் விலகிவிடுங்கள். நல்ல ஃபெசிலிடேட்டர், அதாவது அன்று முழுக்க உங்களுடன் இருக்கப்போகிறவர், நிதானமாக நிறையக் கேட்பார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, தூக்கம் எப்படி, பயம் வந்தால் பக்கத்தில் உட்காரட்டுமா, தள்ளியிருக்கட்டுமா என்றெல்லாம் போகும் அந்தப் பேச்சு. தொடுவது பற்றியும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்வார். அணைத்துக்கொள்வது, கை, பாதம், தோளில் கைவைப்பது, இவற்றுக்கு மட்டுமே விதியில் இடம் உண்டு. அதுவும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால்தான். இந்த விதி மிகவும் தேவையானது. சைலோசைபின் ஏறிய நிலையில் மனம் எதற்கும் இணங்கிப்போகும். அப்போது சொல்லும் 'சரி'க்கு மதிப்பில்லை.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை உடல்நலப் படிவம். அது கட்டாயமாகத் தடுப்பது மூன்று வகையினரைத்தான்: கடந்த 30 நாளில் லித்தியம் (ஒரு மனநல மருந்து) எடுத்தவர்கள், தன்னையோ பிறரையோ துன்புறுத்தும் எண்ணம் உள்ளவர்கள், எப்போதாவது சைக்கோசிஸ் (நிஜம் எது என்று பிரித்தறிய முடியாத மனநிலை) என்று கண்டறியப்பட்டவர்கள் அல்லது அதற்குச் சிகிச்சை பெற்றவர்கள். லித்தியத்துடன் சேர்ந்தால் வலிப்பு வரக்கூடும் என்பதால் முதல் தடை. ஆனால் மருத்துவ ஆய்வுகளில், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா இருந்தாலே பொதுவாகச் சேர்ப்பதில்லை. பைபோலார், அதாவது மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய், இருப்பவர்களையும் அப்படித்தான். ஓரிகன் இங்கே கைவிட்டுவிட்டது. சைலோசைபின் இரத்த அழுத்தத்தைச் சில மணி நேரம் ஏற்றும். மையத்தில் மருத்துவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமோ இல்லை. பிரஷர், இதயக் கோளாறு, குடும்பத்தில் மனநோய், இதில் எது இருந்தாலும் மையம் கேட்காவிட்டாலும் நீங்களே உங்கள் டாக்டரிடம் முதலில் பேசிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் மனச்சோர்வு மாத்திரை. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை சைலோசைபினின் வேகத்தைப் பலருக்கு மட்டுப்படுத்துகின்றன. இதைக் கேள்விப்பட்டுத் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்கள் உண்டு. தலைசுற்றல், பதற்றம், மறுபடி சோர்வு என்று நிறுத்தியதன் விளைவுகள் ஒரு பக்கம் வாட்ட, அதே நிலையில் காளானும் சாப்பிடுவது ஆபத்து. நிறுத்துவதா, குறைப்பதா, அப்படியே தொடர்வதா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். டிராமடால் வலி மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அதற்குத் தனியாகவே வலிப்பு அபாயம் உண்டு.

காளானைப் பொறுத்தவரை புகார் சொல்ல ஒன்றுமில்லை. சைலோசைபி கியூபென்சிஸ் என்ற ஒரே இனத்துக்குத்தான் அனுமதி. சாணத்திலோ மரச்சில்லுகளிலோ வளர்க்கக் கூடாது, ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்ததை விற்கவும் கூடாது. ஒவ்வொரு தொகுதியும் உரிமம் பெற்ற சோதனைக்கூடத்தில் அளக்கப்பட்டு, எத்தனை மில்லிகிராம் என்று உறையில் அச்சாகி வரும். இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், ஒரே எடையுள்ள இரண்டு காய்ந்த காளான்களில் ஒன்றில் மற்றதைப் போல இரு மடங்கு சைலோசைபின் இருக்கலாம். கிராம் கணக்கில் பேசுவது குருட்டுக் கணக்கு. உறையை உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் வாங்கி அளவைப் படித்துப் பாருங்கள். வெறுமனே மென்றால் சிலருக்குக் குமட்டும், பொடித்து வெந்நீரில் ஊறவைத்த தேநீராகக் குடித்தால் வயிற்றுக்கு இதம், சற்றுச் சீக்கிரமும் ஏறும். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது.

ஒரு அமர்வுக்கு உச்சவரம்பு 50 மில்லிகிராம். மனச்சோர்வு ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுப்பது 25 தான், அதுவே முழு டோஸ். முதல் முறை வருபவர் அதைத் தாண்டக் கேட்டால் நல்ல ஃபெசிலிடேட்டர் தயங்குவார். எல்லோரும் சறுக்கும் இடம் இரண்டாவது டோஸ். சாப்பிட்டு 40 நிமிடம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று அவசரப்பட்டு மேலும் கேட்பார்கள்; சிலருக்கு ஏறவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கூடுதலாக எடுத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். தொடங்கும் அறிகுறிகள் சாதாரணமாகவே இருக்கும்: காரணமில்லாத கொட்டாவி, கண்ணில் நீர், லேசான குளிர், தாடை இறுக்கம். இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சம், ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். டோஸுக்கு ஏற்ப மையத்தில் இருந்தே ஆக வேண்டிய குறைந்தபட்ச நேரமும் விதியில் உண்டு. அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட்டிப்போக யார் வருகிறார் என்று முன்பே எழுதித் தர வேண்டும். மறுநாள் தலைவலி வருவது சகஜம்.

அறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: மெத்தை அல்லது சாய்வு சோபா, கண்ணை மறைக்கும் பட்டை, ஹெட்ஃபோன், போர்வை, வாந்தி வந்தால் ஒரு வாளி. சுவரில் புத்தர் படமோ மெக்சிகோ கம்பளமோ தொங்கினாலும் இந்த ஏற்பாடு ஆய்வகத்திலிருந்து வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2006-இல் வெளியான ஆய்வில் 36 பேர் இப்படித்தான் சோபாவில் படுத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு இசை கேட்டார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர், வாழ்க்கையிலேயே ஆன்மிக அர்த்தம் மிகுந்த ஐந்து அனுபவங்களில் இதுவும் ஒன்று என்றார்கள். அதே ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடும் பயம் ஏற்பட்டது. மையங்களின் விளம்பரத்தில் முதல் எண்ணிக்கை மட்டும் இருந்தால் கவனமாக இருங்கள்.

மெக்சிகோவின் ஓவாஹாக்கா மலையில் மசாடெக் மக்கள் இதே வகைக் காளான்களை இரவில், இருட்டில், நோயாளியைக் குணப்படுத்துவதற்காகப் பாட்டும் வேண்டுதலுமாக உட்கொண்டார்கள். ஊவாட்லா ஊரின் மசாடெக் வைத்தியர் மரியா சபினா 1955-இல் வெளிநாட்டவர் இருவரை அதில் சேர்த்துக்கொண்டார். 1957-இல் அது அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரையாக வர, வெளியார் குவிந்து ஊரே நிலைகுலைந்தது. மரியா சபினா சொந்த ஊராரின் கோபத்துக்கு ஆளானார், அவர் வீடும் எரிக்கப்பட்டது. அந்தச் சடங்குக்கு ஓரிகன் அறை மாற்றாகாது. 'பாரம்பரியச் சடங்கு' என்று சொல்லி விற்கும் மையத்திடம், யாரிடம் கற்றீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

ஆன்மிகம் தேடிப் போகிறவர்களுக்கு ஓரிகன் விதிகளில் நமக்கு மிகவும் பிடித்தது, ஃபெசிலிடேட்டர் வழிநடத்தக் கூடாது என்பது. நீங்கள் கண்டதற்கு அவர் பொருள் சொல்லக் கூடாது. உடலில் சைலோசின் ஆக மாறும் இந்தப் பொருள், மூளையின் செரட்டோனின் 2ஏ ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கிறது. 'நான்' என்ற எண்ணத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளுக்கிடையிலான ஒத்திசைவு அப்போது குலைகிறது. எல்லை கரைந்து எல்லாம் ஒன்றே என்று படுவது இதனோடு சேர்ந்து வருகிறது. அது சிவமா, சூனியமா, வெறும் மூளையா என்பது சாப்பிட்டவருக்கு உரிய கேள்வி. குண்டலினி, முற்பிறவி என்று அருகிலிருப்பவர் ஓதத் தொடங்கினால் அது விதிமீறல்.

விலை ஒரு முழு டோஸ் அமர்வுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 3,000 டாலர். காளானின் பங்கு இதில் சிறியது, அதன்மேல் 15 சதவீத வரி. மையம் ஆண்டுக்கு 10,000 டாலர் உரிமக் கட்டணம் கட்டுகிறது, ஃபெசிலிடேட்டரும் தனியாகக் கட்டுகிறார். காப்பீடு கைகொடுக்காது. குழு அமர்வு மலிவு. அதில் உங்களுக்கு எத்தனை ஃபெசிலிடேட்டர்கள், பக்கத்தில் யாராவது அலறினால் எங்கே மாற்றுவார்கள் என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

ஓரிகனின் ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மத்திய அரசின் சட்டத்தில் சைலோசைபின் இன்னும் முதல் அட்டவணைப் போதைப்பொருள்தான், அதாவது மிகக் கடுமையாகத் தடை செய்யப்பட்ட வகை. குடிவரவு அதிகாரி கேட்டு நீங்கள் ஒப்புக்கொண்டால், மாநிலத்தில் சட்டப்படி செய்தது என்பது காப்பாற்றாது; நாட்டுக்குள் மறுபடி நுழைவதும் குடியுரிமையும் சிக்கலாகலாம். குடியுரிமை கையில் இல்லாதவர், குடிவரவு வழக்கறிஞரிடம் பேசாமல் பதிவு செய்ய வேண்டாம். இந்தியாவிலும் போதைப்பொருள் சட்டத்தில் இது தடை செய்யப்பட்டதே. கொடைக்கானல் காளானுக்கும் அந்தச் சட்டத்தில் வழக்கு வரலாம்.

பின்னமர்வை, அதாவது காளான் அனுபவத்துக்குப் பிறகு ஃபெசிலிடேட்டருடன் பேசுவதை, பலர் காசு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். 72 மணி நேரத்துக்குள் ஃபெசிலிடேட்டர் தொடர்புகொள்ள வேண்டும் என்பது விதி. ஒரு அழைப்போடு அது முடிந்துவிடலாம். தூக்கம் கெடுதல், திடீர் அழுகை, பழைய நினைவுகள் மேலெழுவது, எல்லாம் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான் வரும். வேலையை விடுவது, மணமுறிவு, சொத்தை எழுதிக்கொடுப்பது போன்ற முடிவுகளை ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். மூன்று நாளுக்கு மேல் தூக்கமே வராவிட்டாலோ, விசித்திர நம்பிக்கைகள் விடாமல் பிடித்துக்கொண்டாலோ மையத்தை அழைத்துக்கொண்டிருக்காமல் நேராக மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள்.