பழைய காருக்குப் பின்சீட் பெல்ட் போட்டவர்கள் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

அப்பாவின் 1994 அம்பாசடரில் பின்சீட்டுக்கு பெல்ட் கிடையாது. அம்மாவும் என் மகளும் எப்போதும் பின்னால்தான் உட்காருவார்கள். அதனால் கோவையில் சீட் கவர், ஆடியோ எல்லாம் போட்டுத் தரும் ஒரு பெரிய கடையில் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் த்ரீ பாயின்ட் பெல்ட் இரண்டு போடச் சொன்னோம். "கம்பெனி ஃபிட்டிங் மாதிரியே இருக்கும் சார்" என்றார்கள். கூலியோடு 7,500 ரூபாய். பார்வைக்கும் அப்படித்தான் இருந்தது.

துரு வேலைக்காகப் பின்சீட்டைக் கழற்றியபோதுதான் உள்ளே இருந்த லட்சணம் தெரிந்தது. தரைத் தகட்டில் ஒரு ஓட்டை, அதில் சாதாரண ஹார்டுவேர் கடை போல்ட், அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வாஷர். அவ்வளவுதான். டிங்கரிங் அண்ணன் பெல்ட்டைப் பிடித்து ஓங்கி ஒரு இழு இழுத்தார். போல்ட்டைச் சுற்றித் தகடு மேலே எழும்பி, விட்டதும் 'டொக்'கென்று இறங்கியது. கையால் இழுத்ததற்கே இந்தக் கதி. கார் கம்பெனிகளுக்கான ஐ.நா. விதிப்படி, பெல்ட் பொருத்தும் இடங்களைச் சோதிக்கும்போது தோள் பக்கம் சுமார் 1,350 கிலோ எடைக்குச் சமமான விசை, இடுப்புப் பக்கமும் அதே அளவு, இரண்டையும் சேர்த்தே இழுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். பெல்ட் சுருளும் ரீலுக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கும். வண்டி சடாரென்று வேகம் குறைந்தால் அது உருண்டு பெல்ட்டைப் பூட்டிவிடும். அதனால் ரீலை எந்த நிலைக்காகச் செய்தார்களோ அந்த நிலையில்தான் மாட்ட வேண்டும். எங்களுக்குப் போட்டது நிமிர்ந்து நிற்க வேண்டிய ரீல். அதைப் பின் கண்ணாடிக்குக் கீழே பார்சல் டிரேயில் படுக்க வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் பெல்ட் எப்போதும் பூட்டியே நிற்கும். அதற்காக மூடியைக் கழற்றி அந்தக் குண்டையே எடுத்துவிட்டார்கள்! எவ்வளவு வெடுக்கென்று இழுத்தாலும் பெல்ட் நிற்காமல் வருகிறது. பெல்ட் போட்டிருக்கிறோம் என்று நம்பி அம்மா அதில் ஊட்டி வரை போய் வந்திருக்கிறார்.

கடையில் போய்க் கேட்டோம். "ஃபைனுக்காகத்தானே சார் எல்லாரும் போடுறாங்க" என்று பதில் வந்தது. 1,000 ரூபாய் அபராதத்துக்காக நாங்கள் போடவில்லை. 2022 செப்டம்பரில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில், பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்த செய்தியைப் பார்த்துவிட்டு அம்மாதான் கேட்டார். பணம் திரும்பி வரவில்லை, கடை பில்லில் 'பெல்ட் செட்' என்பதைத் தவிர எதுவும் எழுதவும் இல்லை.

சரி, எப்படி இருக்க வேண்டும்? போல்ட் பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல உறுதியான போல்ட்டாக இருக்க வேண்டும். துருப் பிடிக்காத நல்ல தகட்டின் பின்னால் குறைந்தது 3 மி.மீ. கனத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு வைத்து, நட்டை அதோடு வெல்டிங் செய்திருக்க வேண்டும். தோள் பெல்ட்டின் மேல் முனை கார் பாடியின் பலமான தூணில் நிற்க வேண்டும், மெல்லிய டிரேயில் அல்ல. பெல்ட்டில் தயாரிப்பு லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். எங்களுடையதில் அதைக் கத்தரித்திருந்தார்கள். விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து எடுத்த பெல்ட் ஒருமுறை இழுபட்டு நீண்டிருக்கலாம், அதை மறுபடி போடவே கூடாது.

வெளிக்கடையில் பின் பெல்ட் போட்டவர்கள் சீட்டைத் தூக்கி போல்ட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். இனிமேல் போடப் போகிறவர்கள், கார்பெட்டை மூடுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள்.