சத்தமில்லாத நண்பர்களும் சமூக வலைத்தளங்களும்: ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

உறவினரோடும் பழைய நண்பர்களோடும் தொடர்பில் இருப்பதற்காக மட்டுமே நான் சமூக வலைத்தளங்களைப் பயன்படுத்தி வருகிறேன். ஆர்குட், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று மாறி மாறிப் பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: தொலைந்துபோனவரைக் கண்டுபிடித்துத் தருவதில் இத்தளங்கள் மிகச் சிறந்தவை; ஆனால் அதிகம் எழுதாத ஒருவரோடு உறவு நீடிக்க வேண்டுமானால், அந்த வேலையை நாமேதான் செய்ய வேண்டும்.

கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2004 ஜனவரியில் தொடங்கி 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கல்லூரி முடித்துச் சென்னை, பெங்களூரு, வளைகுடா நாடுகள் எனச் சிதறிப்போன எங்கள் வகுப்பை மீண்டும் சேர்த்து வைத்தது அந்தத் தளம்தான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கல்லூரியின் பெயரில் இருந்த கம்யூனிட்டி என்ற குழுவின் உறுப்பினர் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, தெரிந்த முகம் கிடைத்ததும் பிறர் செய்தி எழுதிவைக்கும் அவருடைய ஸ்கிராப் பக்கத்தில் “டேய், எங்கடா இருக்க?” என்று எழுதிவிட்டு வருவோம். அங்கே ஒருவரோடு பேச வேண்டுமானால் அவருடைய பக்கத்துக்கு நாமே போக வேண்டும் என்பது அப்போது எங்களுக்கு ஒரு சிறப்பாகவே தோன்றவில்லை.

ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் கொண்டுவந்த நியூஸ் ஃபீட் என்ற செய்தி ஓடை அந்தப் பழக்கத்தை மாற்றியது. எல்லோருடைய செய்தியும் நம்மைத் தேடி வரத் தொடங்கியதால், நாம் யாரையும் தேடிப் போகத் தேவையில்லை என்றாகிவிட்டது. ஆனால் அந்த ஓடையில் எது மேலே வர வேண்டும் என்பதைக் கணிப்பு நிரல்கள் முடிவு செய்கின்றன. நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கும், உரையாடலைத் தூண்டும் பதிவுகளுக்கும் கூடுதல் முன்னுரிமை தரப்போவதாக 2018 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. நல்ல நோக்கம்தான். எனினும், எப்போதாவது ஒரு படம் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கும் நண்பர், நாள்தோறும் நாலு பதிவு போட்டு நூறு கருத்துரை வாங்குபவருக்குப் பின்னால்தானே நிற்க முடியும்?

சவூதியில் பணிபுரிந்த என் விடுதி அறைத் தோழர் அப்படிப்பட்டவர். ஒரு நாள் காரணம் ஏதுமின்றி அவருடைய பெயரைத் தேடல் பெட்டியில் இட்டுப் பார்த்தபோது, அவர் வேலையை விட்டுவிட்டு அம்பாசமுத்திரத்துக்கே திரும்பி வந்து, செடிகள் விற்கும் நர்சரி வைத்திருப்பது தெரிந்தது. கறிவேப்பிலைக் கன்றுகள் வரிசையாக நிற்கும் படம் ஒன்றைப் பல மாதங்களுக்கு முன்பே போட்டிருந்தார். எங்கள் வகுப்பில் ஒருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை. அன்றிலிருந்து, ஓடையைப் புரட்டுவதற்கு முன் இரண்டு மூன்று பெயர்களைத் தேடி அவர்களுடைய பக்கத்துக்கே போய்ப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். 2022 ஜூலையில் ஃபேஸ்புக்கில் அறிமுகமான ஃபீட்ஸ் பகுதி, நண்பர்களின் பதிவுகளைத் தனியாகக் கால வரிசையில் பார்க்க இடம் தந்ததால், இந்த வேலைக்கு ஓரளவு கைகொடுத்தது.

பிறந்தநாள் நினைவூட்டல் எனக்கு மிகவும் பயன்படும் வசதி. ஆனால் எல்லோரும் பார்க்கும்படி வாழ்த்து எழுதினால், கிடைப்பது ஒரு விருப்பக்குறியும் “நன்றி”யும்தான். அதே வாழ்த்தைத் தனிச்செய்தியாக அனுப்பி, “அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்றாயே, இப்போது எப்படி இருக்கிறார்?” என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், பேச்சு மறுநாள் வரைக்கும் நீள்கிறது.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2022-இல் ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம் என்றானது. எங்கள் சொந்தக்காரர்கள் குழுவிலோ, இருக்கும் சில டஜன் பேரின் காலை வணக்கப் படங்களுக்கிடையே நல்லது கெட்டது எது என்று தேடி எடுப்பதே பெரும்பாடாக இருக்கிறது. ஆனால் 2013-இல் வந்த குரல்செய்தியை நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்யத் தெரியாத என் பெரியம்மா, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி “எய்யா, சாப்பிட்டியா?” என்று தொடங்கி, பின்னால் குக்கர் விசில் அடிக்க, தெருச் செய்தி அனைத்தையும் சொல்லி முடிப்பார். அழைத்துப் பேச நேரம் ஒத்துவராத நாடுகளில் இருக்கும் பேரப்பிள்ளைகளும் அதைத் தங்கள் நேரத்தில் கேட்டுவிட்டுப் பதில் அனுப்புகிறார்கள்.

புதிதாகத் தொடங்குவோருக்கு ஒன்றை வலியுறுத்திச் சொல்வேன். எந்தத் தளமும் ஒரு நாள் மூடப்படலாம். ஆர்குட் மூடிய பிறகும் 2016 செப்டம்பர் வரை நம் தரவுகளைப் பதிவிறக்க கூகுள் அவகாசம் தந்தது. படங்களும் ஸ்கிராப்புகளும் அப்படித்தான் என்னிடம் தங்கின. தொலைபேசி எண் வாங்கி வைத்திராத நண்பர்களை அந்தப் பதிவிறக்கம் மீட்டுத் தரவில்லை. ஆகவே, பழைய நண்பர் ஒருவர் எந்தத் தளத்தில் கிடைத்தாலும், முதல் உரையாடலிலேயே அவருடைய எண்ணையும் ஊர் முகவரியையும் கேட்டு வாங்கி, தளத்துக்கு வெளியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.