ஞானஸ்நான செட்: ஸ்விட்ச் வைத்த மெழுகுவர்த்தி

மகளின் ஞானஸ்நானத்துக்காக ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். வெள்ளை கவுன், தொப்பி, சாக்ஸ், டவல், தலையில் தண்ணீர் ஊற்றுகிற சிப்பி, மெழுகுவர்த்தி, ‘புனித எண்ணெய்’ என்று லேபிள் ஒட்டிய குட்டி பாட்டில். மூன்றே நாளில் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. பேக்கிங் பிரமாதம். வம்பெல்லாம் பெட்டியைத் திறந்த பிறகுதான்.

மெழுகுவர்த்தி பிளாஸ்டிக். அடியில் ஒரு ஸ்விட்ச், தட்டினால் மினுக் மினுக்கென்று எரிகிறது. படத்தில் அசல் மெழுகு மாதிரியே இருந்தது. சடங்கின்போது பிள்ளையின் அப்பாவோ ஞானத்தந்தையோ இந்த மெழுகுவர்த்தியைப் பாஸ்கா திரியிலிருந்து பற்றவைக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய இரவில் புதுநெருப்பில் ஏற்றிய பெரிய திரி அது. அந்த நெருப்பு பிள்ளைக்கு வந்து சேர வேண்டும் என்பதுதானே விஷயமே! ஸ்விட்சைத் தட்டிவிட்டு என் வீட்டுக்காரர் அங்கே எப்படி நிற்பார்? கோயில் வாசல் கடையில் 30 ரூபாய்க்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கினோம்.

கவுன் துணி நல்ல பருத்தி, தையலும் சுத்தம். ஆனால் கழுத்தில் வைத்த நெட் மொரமொரவென்று உறுத்தி, பிள்ளையின் தாடைக்குக் கீழே சிவந்துவிட்டது. பொத்தான் எல்லாம் முதுகுப் பக்கம். தண்ணீர் ஊற்றும் முன் நெஞ்சில் எண்ணெய் பூசுவார்கள் என்பது தைத்தவருக்குத் தெரியாது போலிருக்கிறது. பிள்ளையைக் குப்புறத் திருப்பிக் கழற்றுவதற்குள் அவள் கோயிலே அதிரக் கத்தினாள்.

எண்ணெய் பாட்டிலைப் பார்த்துப் பங்குத்தந்தை சிரித்துவிட்டார். உச்சந்தலையில் பூசுகிற கிறிஸ்மா தைலம் கடையில் வாங்குவது இல்லை. ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்து, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தையொட்டி ஆயர் (பிஷப்) அர்ச்சித்து ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் கொடுப்பது. அன்று சாயங்காலம் வரைக்கும் பிள்ளையின் தலையில் அந்த வாசம் இருந்தது, குளிப்பாட்ட அம்மா விடவே இல்லை. செட்டில் வந்த பாட்டிலைத் திறந்தேன். தேங்காய் எண்ணெய் வாசம்.

அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். பிரசவ வார்டில் பிழைக்குமோ பிழைக்காதோ என்றிருந்த கிறிஸ்தவக் குழந்தைகளுக்கு, பெற்றவர்கள் கேட்டுக்கொண்டதால், டம்ளர் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்தவர். ஆபத்து நேரத்தில் யார் கொடுத்தாலும் செல்லும் என்று திருச்சபையே சொல்கிறது. “தண்ணியும், தந்தை மகன் தூய ஆவி பேரும் இருந்தாப் போதும். ஏளா, இதுக்கு எதுக்கு இவ்வளவு துட்டு?” என்றார். போட்டோவுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிப்பி அழகுதான், ஆனால் எங்கள் கோயிலிலேயே வெள்ளிச் சிப்பி வைத்திருக்கிறார்கள். டவல் மட்டும் அசத்தல், மூன்று துவைப்புக்குப் பிறகும் மெத்தென்று இருக்கிறது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கவுனையும் டவலையும் தனியாகக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். அந்த பேட்டரி மெழுகுவர்த்தி இப்போது கட்டில் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு டயபர் மாற்ற அந்த வெளிச்சம் போதும்.