வெளிநாட்டுக் கச்சேரி: "வந்ததும் பார்த்துக்கலாம்" என்பவரிடம் எச்சரிக்கை

வெளிநாட்டில் வாசிக்கப் போகும் கலைஞர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அழைப்பு உண்மையாக இருக்கும், மண்டபம் இருக்கும், போஸ்டரில் பெயரும் படமும் இருக்கும். பணம், விசா, திரும்பும் டிக்கெட், ஒலியமைப்பு என்று எதைக் கேட்டாலும் "வந்ததும் பார்த்துக்கலாம்" என்பார்கள். வந்து இறங்கியபின் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் மிச்சமிருக்காது. டிக்கெட் விற்றாகிவிட்டது, ஜனம் வந்து உட்கார்ந்தாயிற்று, திரும்பும் விமானம் நாளை மறுநாள், அந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது. இழுத்தடிக்கும் ஏற்பாட்டாளர் நம்புவது இதைத்தான். இப்படிச் சிக்கிய குழுக்கள் பல. எங்கே எது கைவிட்டுப் போகிறது என்பதை இங்கே எழுதுகிறோம். யார் பெயரையும் குறிப்பிடவில்லை.

கச்சேரியே இல்லாத அழைப்பை முதலில் சொல்லிவிடலாம், கண்டுபிடிக்க எளிது. முன்பின் தெரியாத ஹோட்டலோ விழாக்குழுவோ மின்னஞ்சல் அனுப்பும். தொகை நாம் கேட்கக் கூசும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். உங்கள் வாசிப்பைக் கேட்டதற்கான அடையாளமே கடிதத்தில் இருக்காது. இரண்டு கடிதம் போனதும், "வேலை அனுமதிக் கட்டணத்தை எங்கள் வக்கீலுக்கு அனுப்புங்கள், இங்கே வந்ததும் திருப்பித் தருவோம்" என்று வரும். அனுப்பினால் அத்தோடு சரி. இன்னொரு வகையில் பணம் உங்களுக்கே வரும். பேசிய தொகையைவிட அதிகமாகக் காசோலை அனுப்பி, மிச்சத்தைப் பயண ஏஜென்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். காசோலை வசூலாகும் முன்பே வங்கிக் கணக்கில் தொகை தெரியலாம். சில வாரம் கழித்து அது போலி என்று திரும்பும்போது, நீங்கள் ஏஜென்டுக்கு அனுப்பியது உங்கள் சொந்தப் பணமாகிவிடும். அழைப்பில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, மண்டபத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் போடுங்கள். அந்தத் தேதி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

உண்மையான கச்சேரியில் பெரிய சேதம் விசாவில்தான். "விசிட்டர் விசாவில் வாங்க, ஏர்போர்ட்டில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தேன்னு சொல்லுங்க" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பயணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். அவருக்கு மிச்சமாவது மனுக் கட்டணமும் வக்கீல் செலவும். மாட்டினால் அனுபவிப்பது நீங்கள். குடிவரவு அதிகாரி உங்கள் பெயரைத் தேடினாலே போஸ்டர் கிடைத்துவிடும். அமெரிக்காவில் உடனடி வெளியேற்ற உத்தரவு விழுந்தால் 5 ஆண்டு உள்ளே போக முடியாது. பொய் சொன்னதாகப் பதிவானால் தடை நிரந்தரமாகவே நீளலாம்.

அமெரிக்காவில் மரபுக் கலை நிகழ்ச்சிகளுக்கு உள்ளது பி-3 விசா. அதற்கான ஐ-129 மனுவை அங்குள்ள முதலாளியோ ஏஜென்டோதான் போட வேண்டும், கலைஞர் தனக்குத்தானே போட முடியாது. மனு போய்ச் சேர்ந்ததும் ஐ-797 என்ற ரசீது வரும். அதில் 3 எழுத்தும் 10 இலக்கமும் சேர்ந்த ரசீது எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, குடிவரவுத் துறையின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். "போட்டாச்சு, வந்துக்கிட்டே இருக்கு" என்று மாதக்கணக்கில் சொல்லி, எண்ணை மட்டும் தராதவர் மனு போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாத்தியக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: முதன்மைக் கலைஞர் பெயரில் மனு இருப்பது உங்களைக் காப்பாற்றாது. மனு யார் யாருக்காக என்று காட்டும் பயனாளிகள் பட்டியலில் உங்கள் பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும்.

டிக்கெட்டில் நடப்பது இன்னும் நுணுக்கமானது. வாட்ஸ்அப்பில் வரும் பயணத் தாளில் ஆறு எழுத்து பிஎன்ஆர் இருக்கும். அது இருக்கை பிடித்து வைத்ததற்கான குறிதான், பணம் கட்டியதற்குச் சாட்சி இல்லை. ஏஜென்ட் ஒரு பைசா கட்டாமலே அதை எடுத்துத் தர முடியும். கெடு தாண்டினால் தானாகவே ரத்தாகிவிடும். பணம் கட்டிய டிக்கெட்டுக்கு 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்கும், அதன் முதல் 3 இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. போவதற்கும் வருவதற்கும் அந்த எண் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். போவதற்கு மட்டும் டிக்கெட் போட்டு, வருவதை வெறும் பிஎன்ஆராக வைத்திருந்தால், பாக்கியைக் கேட்கவே உங்களுக்குத் தயக்கம் வரும். "பத்திரமா வெச்சிருக்கேன்" என்று பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இனிப் பணம். கையெழுத்தானதும் பாதி, விமானம் ஏறுமுன் கால், சவுண்ட் செக்குக்கு (நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பது) முன் மீதிக் கால். இதைவிடத் தளர்வான ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். "கச்சேரி முடிந்ததும்" என்ற சொல்லே ஒப்பந்தத்தில் வரக் கூடாது. சவுண்ட் செக் நேரத்தில் பாக்கி வந்து சேராவிட்டால் மேடை ஏறும் கடமை இல்லை, வாங்கிய முன்பணத்தைத் திருப்பவும் தேவையில்லை என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த வரி இருந்தால் மாலை நான்கு மணிக்கே பேச்சை முடிக்கலாம். இல்லையென்றால் இரவு பதினொரு மணிக்கு, மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கும்போது பேச வேண்டியிருக்கும்.

பணம் அனுப்பியதாகச் சொல்லி வரும் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். நாடு விட்டு நாடு போகும் வங்கிப் பரிமாற்றத்துக்கு யுஇடிஆர் என்ற 36 குறிகள் கொண்ட கண்காணிப்பு எண் உண்டு. அதைக் கொடுத்தால் உங்கள் வங்கியே பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும். உண்மையில் அனுப்பியவருக்கு அந்த எண்ணைத் தருவதில் சிரமமே இல்லை. இடைத்தரக வங்கிகளின் கட்டணம் யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள். "OUR" முறையில் அனுப்பினால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில், கட்டணத்தைப் பகிரும் "SHA" முறையில் வழியில் கொஞ்சம் கழிந்துதான் உங்கள் கைக்கு வரும்.

நிலையான தொகை இல்லாமல் வசூலில் பங்கு என்று பேசியவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். செலவு போக மிஞ்சுவதில் 70 சதவீதம் கலைஞருக்கு என்று பேச்சு. வசூல் 10,000, செலவு 4,000 வரும் என்று போனில் சொன்னார்கள் என்று வையுங்கள். உங்கள் கணக்கில் 4,200. நிகழ்ச்சி முடிந்து அறையில் நீட்டப்படும் தாளில் மண்டப வாடகை, ஒலி, ஒளி, விளம்பரம், காப்பீடு, தன்னார்வலர் சாப்பாடு, வண்டி, கடைசியில் "இதர" என்று ஒரு பெரிய எண். மொத்தச் செலவு 9,200. உங்கள் பங்கு 560. தாளில் எந்த வரிக்கும் ரசீது இணைத்திருக்காது. நிரம்பிய மண்டபத்தில் கால்வாசிப் பேர் இலவச டிக்கெட் என்றும் காட்டுவார்கள்.

இதற்கு மருந்து மூன்று வரி. செலவுக்கு உச்சவரம்பு, அதற்கு மேல் போனால் ஏற்பாட்டாளர் பாடு. இலவச டிக்கெட்டுக்கு எண்ணிக்கை வரம்பு. டிக்கெட் விற்கும் தளத்தில் விற்பனையை மட்டும் பார்க்கும் உரிமை உங்கள் தரப்பில் ஒருவருக்கு, விற்பனை தொடங்கும் நாளிலிருந்தே. மூன்றாவதைக் கேட்டவுடன் முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள். இவற்றோடு, வசூல் எப்படி இருந்தாலும் இவ்வளவு கட்டாயம் என்று ஒரு அடித்தளத் தொகையும் பேசிவிட்டால் பெரிய நஷ்டம் வராது.

வரி என்று சொல்லிப் பிடிப்பதில் ஒரு நூதனத் திருட்டு உண்டு. வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் வரி பிடிப்பது பல நாடுகளில் சட்டமே. அமெரிக்காவில் பொதுவாக மொத்தத் தொகையில் 30 சதவீதம், பிரிட்டனில் 20, ஜெர்மனியில் 15 சதவீதமும் அந்த வரியின் மேல் 5.5 சதவீத ஒற்றுமை வரியும். பிடித்ததை அரசுக்குக் கட்டாமல் பையில் போட்டுக்கொள்வதுதான் தவறு. கட்டியவரிடம் அத்தாட்சி இருக்கும்: அமெரிக்காவில் 1042-எஸ் படிவம், பிரிட்டனில் எஃப்இயூ2 சான்று. அது கிடைக்காவிட்டால் கூடுதலாகப் பிடித்ததை அங்கே திரும்பக் கேட்பதும், சொந்த நாட்டு வரியில் கழித்துக்கொள்வதும் கடினம். அமெரிக்காவில் செலவைக் காட்டி முன்கூட்டியே வரியைக் குறைக்க மத்திய வரிப்பிடித்த ஒப்பந்தம் (Central Withholding Agreement) என்ற வழி உண்டு. முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம் வரி போகவா, வரி உட்படவா என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் பின்னால் சண்டை நிச்சயம்.

ஒலியமைப்பில் ஏமாற்றம் இப்படி வரும்: அனுப்பிய பட்டியலில் 12 சேனல், 4 மானிட்டர் (கலைஞர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்), மேடையில் இருப்பது 6 சேனல் மிக்ஸரும் ஒரு மானிட்டரும். பட்டியல் ஒப்பந்தத்தின் இணைப்பாக, ஒவ்வொரு பக்கமும் கையெழுத்தோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு. 220–240 வோல்ட் நாட்டிலிருந்து போகும் கருவி 120 வோல்ட் நாட்டில் சரியாக ஓடாது. மறுபக்கமாகப் போனால் எரிந்தே போகும். அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சொந்த வயர்லெஸ் மைக்கைக் கொண்டுபோகுமுன் அதன் அலைவரிசையைப் பாருங்கள்: அமெரிக்காவில் 617–652, 663–698 மெகாஹெர்ட்ஸில் 2020 ஜூலை 13க்குப் பிறகு வயர்லெஸ் மைக் பயன்படுத்துவது சட்டவிரோதம்.

வாத்தியம் உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் சேத அறிக்கை எழுதி வாங்கிவிடுங்கள். சர்வதேச விமானப் பயண இழப்பீட்டுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும், தாமதத்துக்கு 21 நாள். இழப்பீட்டின் உச்சம் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகு (எஸ்டிஆர், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). நல்ல வாத்தியத்தின் விலைக்கு அது காணாது, தனிக் காப்பீடு வேண்டும். "காப்பீடு எங்கள் பொறுப்பு" என்று ஏற்பாட்டாளர் சொன்னால் பாலிசி எண்ணையும், அதில் வாத்தியத்தின் பெயரும் மதிப்பும் உள்ள பக்கத்தையும் கேளுங்கள். கார்னே (வாத்தியத்தை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம்) எடுத்துப் போகிறவர்கள் வெளியேறும்போதும் நுழையும்போதும் சுங்கச் சாவடியில் நின்று முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனால் அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் கவனிக்க: சண்டை போட்டு வெளியேறுவதைவிட, அந்த நாட்டை விட்டுப் புறப்படுமுன் பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஏற்பாட்டாளரிடம் எழுதி வாங்குவதுதான் உதவும். கையெழுத்துப் போட மறுத்தால் அதே விவரத்தை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். போஸ்டர், டிக்கெட் பக்கம், மண்டபத்தில் இருந்த கூட்டம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரையிலான பாக்கிக்குச் சிறு வழக்கு முறையில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம்; வேறு பல நாடுகளிலும் இது போல உண்டு. ஆனால் வழக்கு யார் மேல் என்பது தெரிய வேண்டும். போஸ்டரில் இருக்கும் கவர்ச்சியான பெயர் பெரும்பாலும் பதிவான நிறுவனமே அல்ல. ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் முழுப் பெயர், பதிவு எண், பதிவு முகவரி மூன்றும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் நாளிலேயே பார்த்து, அந்த நாட்டு நிறுவனப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பிரிட்டனில் இந்தத் தேடல் இலவசம். கலைக்கப்பட்டதாகவோ, போன மாதம்தான் பதிவானதாகவோ காட்டினால், முழுத் தொகையும் முன்பணமாக வராமல் பெட்டி கட்ட வேண்டாம்.