கடாரத்துக்குக் கப்பலேறிய பாத்திரங்கள்: டிஸ்கார்டில் ஒரு கூட்டுக்கதை அனுபவம்

இணையத்தில் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பலர் சேர்ந்து எழுதும் ரோல்பிளே கதைகள் சண்டையால் நின்றதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒருவர் பதில் எழுதாமல் போவார், மற்றவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள், கதை அங்கேயே படுத்துவிடும். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் நாங்கள் எழுதிவரும் நாகப்பட்டினக் கதை சில ஆண்டுகளாக அதிலிருந்து தப்பி ஓடிக்கொண்டிருக்கிறது.

காலம், முதலாம் இராசேந்திர சோழனுடையது. சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னர் ஆதரவில் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்த மடமான சூடாமணி விகாரத்தின் பிக்கு ஒருவர், துறைமுகத்தில் கப்பல் பாய் தைப்பவனோடு நட்பாகிறார். அவன் தைக்கும் பாய்கள், இராசேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின்மீது படையெடுத்த 1025-இல் எங்கே போகும் என்பது எழுதுகிற எங்களுக்குத் தெரியும்; பாத்திரங்களுக்குத் தெரியாது. எங்களை விடாமல் எழுதவைப்பது இந்த இடைவெளிதான்.

டப்பர்பாக்ஸ் என்ற பாட்டை (bot, டிஸ்கார்டில் இயங்கும் தானியங்கி நிரல்) தயங்காமல் பரிந்துரைப்பேன். எழுதுபவரின் பெயர் மறைந்து, பாத்திரத்தின் பெயரும் படமுமாகச் செய்தி வரும். டிஸ்கார்டின் இலவசக் கணக்கில் ஒரு செய்திக்கு 2000 எழுத்துக்குறிகள்தான். தமிழில் துணைக்குறிகளும் தனியே எண்ணப்படுவதால் இடம் இன்னும் சுருங்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. நீண்ட பதிவு அடுத்தவருக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை. "கையை ஓங்கினான்" என்று நிறுத்த வேண்டும். அடி விழுந்ததா என்பதைப் பிக்குவை எழுதுபவர் சொல்லட்டும். இந்த விதியில் நாங்கள் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை.

தேர்வு, பிரசவம், வேலை மாற்றம் என்று யாராவது ஒதுங்கினால் அவருடைய பாத்திரத்தைக் கடாரத்துக்கு, அதாவது இன்றைய மலேசியாவின் கெடாவுக்கு, கப்பலேற்றிவிடுவோம். பருவக்காற்றை நம்பிய பயணம். திரும்ப எத்தனை மாதமானாலும் கதைக்குள் யாரும் வியப்பதில்லை. மிளகு வணிகரை எழுதிய தோழி குழந்தை பிறந்தபின் திரும்பியபோது, அவருக்காகச் சரக்குக் கணக்கும் ஒரு கடன் வழக்கும் காத்திருந்தன. அன்றிரவே எழுதத் தொடங்கிவிட்டார்.

கதைக்கு வெளியே பேசுவதற்கென்று தனிச் சேனல் கட்டாயம் வேண்டும். இப்போது அங்கே நடப்பது, படையெடுப்போடு கதையை முடிப்பதா என்ற விவாதம். பிக்குவை எழுதும் நண்பர் முடிக்கக் கூடாது என்கிறார். பின்னால் வந்த முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேடும் (இப்போது நெதர்லாந்தின் லெய்டனில் இருப்பது) அந்த விகாரத்துக்கான நிலக்கொடைகளைச் சொல்கிறது. போருக்குப் பிறகும் பிக்குகள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். நான் அவர் பக்கம்.