தி.நகர் டிராவல்ஸில் மலேசியா: டிக்கெட் சரி, பில் சரியில்லை

பெயர் வேண்டாம், தி.நகரில் ஒரு சின்ன டிராவல்ஸ். மே மாதம் நாங்கள் நால்வரும் கோலாலம்பூர் போய் வர அங்கேதான் ஏற்பாடு செய்தோம். விமான டிக்கெட் விலை நியாயம். ஓட்டலைப் பிரிக்ஃபீல்ட்ஸில், அதாவது கோலாலம்பூரின் ‘லிட்டில் இந்தியா’ பகுதியில் போட்டார்கள். தெருவில் இறங்கினால் இட்லி, கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் நடை தூரம். அதற்கே பாதி மார்க் கொடுக்கலாம்.

பில்லில்தான் விளையாட்டு. ‘விசா பிராசஸிங்’ என்று தலைக்கு ஒரு தொகை! 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா போக 30 நாள் வரை விசா வேண்டியதில்லை. எம்.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும், அதுவும் இலவசம். கேட்டதும், “சரி மேடம், எடுத்துடறேன்” என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள் போல.

பத்துமலை டூரையும் வெட்டச் சொன்னேன். கே.எல். சென்ட்ரலிலிருந்து ‘கொம்யூட்டர்’ என்ற புறநகர் ரயில் கோயில் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது, 272 படி ஏறக் காசு கிடையாது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏறும் டிக்கெட் நம் பட்ஜெட்டுக்குக் கடி. கீழே பூங்காவில் குழந்தைகளுக்கு இலவசக் குளம் இருக்கிறது. என் பிள்ளைகள் கிளம்பவே மறுத்தார்கள்.

டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் மறுபடி அங்கேதான் போவேன். விமான நிலையக் காரை மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கே பஸ் இருக்கிறது.