நட்சத்திர ஓட்டலில் "இன்றைய விலை" மீன்: ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் ஒரு பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் கான்டனீஸ் உணவகத்தில் எங்கள் குடும்பத்தை ஏமாற்றிவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு விசேஷம் என்று காசு சேர்த்து இந்த மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

நைனாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு வீட்டில் ஐந்து பேர் போனோம். கான்டனீஸ் என்பது தென் சீனாவில் குவாங்டாங், ஹாங்காங் பக்கத்துச் சமையல். நம் தெருக்கடை சில்லி சிக்கனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மசாலா குறைவு, சரக்கு புதுசாக இருக்க வேண்டும். முழு மீனை இஞ்சியோடு ஆவியில் வேகவைத்து, வெங்காயத்தாள் தூவி, சுடச்சுட எண்ணெய் ஊற்றி, சோயா சாஸில் வைப்பார்கள். மீன் கொஞ்சம் பழசானாலும் காட்டிக்கொடுத்துவிடும். நைனா காசிமேட்டில் காலங்காலமாக மீன் ஏலம் எடுப்பவர். அவருக்காகத்தான் அந்த மீனைச் சாப்பிடப் போனோம்.

மெனுவில் கொடுவா மீனுக்கு நேராக விலை இல்லை, "இன்றைய விலை" என்று மட்டும் இருந்தது. கேட்டதற்கு 100 கிராம் 380 ரூபாய் என்றார் பரிமாறுபவர். "காலையில காசிமேட்டுல இறங்கினது சார், பெரிய போட்டு மீன்" என்றும் சேர்த்துச் சொன்னார். நாங்கள் போனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஃபைபர் போட்டும் கட்டுமரமும்தான் போகும். நைனா அவரை மடக்கவில்லை. "சமைக்கிறதுக்கு முன்னாடி மீனை ஒரு தடவை காட்டு தம்பி" என்று மட்டும் கேட்டார். ஹாங்காங்கில் மீன் உணவகங்களில் உயிர் மீனை மேசைக்கே கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் சமைப்பார்கள். இங்கே, "கிச்சனுக்குப் போயிடுச்சு சார், நம்புங்க" என்று பதில் வந்தது.

தட்டு வந்தது. தலை இல்லை, வால் இல்லை, நடுமுள் இல்லை. சீனர்கள் மேசையில் முழு மீனின் தலையைப் பெரியவர் பக்கம் திருப்பி வைப்பது மரியாதை. இதில் தோல்கூட இல்லாத நாலு வெள்ளைத் துண்டுகள். நைனா ஒரு துண்டை முள்கரண்டியால் தொட்டார், கூழாகப் பிரிந்தது. கொடுவா அப்படிப் பிரியாது, தடித்த இதழ் இதழாக வரும். துண்டின் ஒரு பக்கத்தில் சாம்பல் கோடு, அடியில் தண்ணீர் விட்டுத் தேங்கியிருந்தது. "இது கொடுவா இல்லம்மா, ஐஸ்ல கெடந்த பாசா" என்றார் அம்மாவிடம். பாசா என்பது மலிவான வளர்ப்பு மீன். அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, இறால் டிம் சம் (ஆவியில் வேகவைத்த சின்னக் கொழுக்கட்டை மாதிரி) நன்றாக இருந்தது. மேல்மாவு கண்ணாடி மாதிரி, உள்ளே இறால் நறுக்கென்று. அதைச் செய்யத் தெரிந்த கை மீனை இப்படி அனுப்பியிருக்கிறது என்பதுதான் ஆத்திரம்.

பில்லில் மீன் 1,150 கிராம், 4,370 ரூபாய். எங்கள் முன்னால் எடை போடவே இல்லை. டீக்குத் தலைக்கு 450. கேட்காமல் வைத்த வேர்க்கடலைக்கு 350. டீக்குத் தலைக்கணக்கில் வாங்குவது ஹாங்காங்கில் வழக்கம்தான், ஆனால் வைக்கும்போதே சொல்ல வேண்டாமா? சாப்பாடு மொத்தம் 12,000. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 1,200. இரண்டையும் கூட்டி அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,376. ஆக 15,576.

ஜிஎஸ்டியில் தப்பு இல்லை. அறை வாடகை அதிகமான ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம்தான், வெளியே சாதாரண உணவகத்தில் 5. சர்வீஸ் சார்ஜ் வேறு கதை. அது அரசாங்க வரி இல்லை. பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதிமுறை போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இதை மேனேஜரிடம் சொன்னோம். "எங்க பாலிசி சார்" என்றார். மீனைப் பற்றிக் கேட்டால், "செஃப் ஸ்டைல் அப்படி, ஃபில்லே பண்ணிட்டாங்க" என்றார். அப்படியானால் மீந்த தலையையும் முள்ளையும் கொண்டுவந்து காட்டுங்கள் என்றதற்கு, அவரும் திரும்பி வரவில்லை, தலையும் வரவில்லை.

பணத்தைக் கட்டிவிட்டு, பில்லையும் தட்டில் மிச்சமிருந்த துண்டுகளையும் மெனுப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டோம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். அப்புறம்தான் ஓட்டலிலிருந்து பேசினார்கள். சர்வீஸ் சார்ஜும் அதன் வரியும் திரும்பி வந்தன. மீன் விஷயத்தில் அடுத்த தடவை வந்தால் இலவச டெசர்ட் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டோம்.

இப்போது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறோம். ஓட்டல் எங்கே இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "இன்றைய விலை" மீனில் உங்களுக்கும் இப்படி நடந்திருந்து பில் கையில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மனு எழுதுவதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.